மிஸஸ் டார்சிக்கு மஞ்சள் கலர்

இந்த மாசம் வந்த கடிதங்கள பிரிச்சு அடுக்கி வச்சப்போ, பாதிப் பேர் பழைய ஆங்கிலக் காதல் நாவல்களுக்கு டிவியில வர்ற தொடர்ச்சிகள பத்தி கேட்டிருந்தாங்க, மீதிப் பேர் எழுத உக்காந்தா கை ஓடமாட்டேங்குதுன்னு கேட்டிருந்தாங்க. எனக்கென்னமோ ரெண்டும் பக்கத்து பக்கத்து வீட்டுக் கேள்வி மாதிரிதான் படுது, அதனால சேத்தே பதில் எழுதுறேன்.

வாசகி, கோயம்புத்தூர்: அக்கா, 'சாண்டிடன்' சீரியல் மூணு சீசனும் ஒரே வாரத்துல பாத்து முடிச்சேன். முதல் சீசன் கடைசியில ஹீரோ சிட்னி, ஹீரோயின் சார்லட்ட விட்டுட்டு பணக்கார விதவை ஒருத்திய கட்டிக்கப் போறான்னு வந்ததும் நைட்டு ஒரு மணிக்கு உக்காந்து அழுதேன். ஜேன் ஆஸ்டின் நிஜமாவே இப்படித்தான் எழுதி வச்சிருந்தாங்களா?

இல்லம்மா. ஆஸ்டின் அந்த 'சாண்டிடன்' நாவல முடிக்கவே இல்ல. 1817 ஜனவரி கடைசியில ஆரம்பிச்சாங்க, மார்ச் 18ஆம் தேதி பேனாவ வச்சுட்டாங்க, சரியா நாலு மாசம் கழிச்சு ஜூலை 18ஆம் தேதி வின்செஸ்டர்ல இறந்துபோனாங்க, அப்போ வயசு 41. நமக்குக் கெடச்சிருக்கறது பன்னெண்டாவது அத்தியாயம் பாதி வரைக்கும்தான். உடம்பு ரொம்ப முடியாமப் போன நேரம், கடைசிப் பக்கங்கள முதல்ல பென்சில்ல எழுதிட்டு அப்புறம் மேல மை ஓட்டியிருக்காங்கன்னு அவங்க அண்ணன் பையன் எழுதி வச்சிருக்காரு, பேனா பிடிக்கத் தெம்பில்லாதப்போகூட அந்த ஊரு ஜனங்கள விடல பாரு. நீ அழுத அந்த சிட்னி இருக்கானே, அவன் ஆஸ்டின் எழுதுனதுல கடைசிப் பக்கங்கள்லதான் வண்டிய ஓட்டிக்கிட்டு வந்து எறங்குறான், ஆள் பாக்க நல்லா இருப்பான், இருபத்தேழு இருபத்தெட்டு வயசுன்னு சொல்லிட்டு அவங்க நிறுத்திட்டாங்க. அதுக்கு மேல அவன் யாரு, எப்படிப்பட்டவன்ங்கறதெல்லாம் ஆண்ட்ரூ டேவிஸ் 2019ல டிவிக்காக உண்டாக்குனது. ஆஸ்டின் எழுதுன பகுதி முதல் எபிசோட்லயே தீந்துபோச்சு, மீதி ஏழு எபிசோட் முழுக்க புதுக் கதை.

ஆனா உன் கோபத்துல ஒரு நியாயம் இருக்கு, அத கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும். காசுக்காக ஒருத்தன் காதலிச்ச பொண்ண விட்டுட்டுப் போறது ஆஸ்டின் கதையில இல்லாத விஷயமா? 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'ல வில்லபி மரியான விட்டுட்டு 50,000 பவுண்டு சொத்து உள்ள மிஸ் கிரேய கட்டிக்கல? (அந்தக் கதைதான் 2000ல நம்ம ஊர்ல 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'னு வந்துச்சு, உனக்கு ஞாபகம் இருக்கும்.) சிட்னி பண்றதும் அதேதான், அண்ணன் கட்டுன கட்டடம் தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு, இன்ஷூரன்ஸ் கிடையாது, கடன அடைக்க பணம் வேணும். இது ஆஸ்டின் உலகத்துக்கு ரொம்பப் பொருந்துற காரணம். வித்தியாசம் எங்கன்னா ஆஸ்டின் அந்த அடிய கதையோட நடுவுல வச்சாங்க, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு அழுது, காய்ச்சல்ல விழுந்து, பிழைச்சு எழுந்து, வேற ஒரு மனுஷன புரிஞ்சுக்கற வரைக்கும் நம்ம கைய விடாம கூட்டிட்டுப் போனாங்க. சீரியல்ல அடிய கடைசி எபிசோட்ல வச்சாங்க, ரெண்டாவது சீசன் வரும்னு நம்பி. சேனல் வேணாம்னு சொல்லிடுச்சு. ரசிகர்கள் ரெண்டு வருஷம் போராடி, 2022லயும் 2023லயும் இன்னும் ரெண்டு சீசன் வந்தது உனக்கே தெரியும், ஆனா சிட்னியா நடிச்ச தியோ ஜேம்ஸ் திரும்பி வரல, அதனால அவன் ஆன்டிகுவால செத்துட்டான்னு சொல்லிட்டு சார்லட்ட வேற ஒருத்தருக்குக் கட்டி வச்சாங்க. கதைக்குள்ள இருந்து வந்த சாவு இல்ல அது, அதனாலதான் மனசுல ஒட்டல.

அந்த சீரியல்ல எனக்குப் பிடிச்சது ஜார்ஜியானா லாம்ப். மேற்கிந்தியத் தீவுகள்ல இருந்து வந்த பதினேழு வயசு பணக்காரப் பொண்ணு, கறுப்பினக் கலப்பு உள்ளவ, ஆஸ்டின் அவளப் பத்தி சொன்னது கொஞ்சமே கொஞ்சம் வரிதான். அந்த வரிகள விதையா எடுத்து அவளுக்கு ஒரு ஊரு, ஒரு கோபம், ஒரு அம்மா எல்லாம் குடுத்தாங்க பாரு, அங்கதான் தொடர்ச்சி எழுதுறவங்களுக்கு மூல ஆசிரியர் மேல இருக்கற பிரியம் எனக்குத் தெரிஞ்சுச்சு.

கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை: எழுதுனவங்களே முடிச்சிட்ட கதைய இன்னொருத்தர் தொடர்றது தப்பில்லையா மேடம்? 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'ல டார்சியும் எலிசபெத்தும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அத்தோட விட வேண்டியதுதானே?

தம்பி, நானும் உங்க வயசுல இதே மாதிரிதான் நெனச்சேன். அப்புறம் ஆஸ்டினோட அண்ணன் மகன் ஜேம்ஸ் எட்வர்ட் ஆஸ்டின்-லீ 1870ல எழுதுன நினைவுக் குறிப்பப் படிச்சேன், என் எண்ணம் மாறிடுச்சு. வீட்டுப் பிள்ளைங்க அத்தைகிட்ட போய் 'அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு'ன்னு கேப்பாங்களாம், அவங்களும் சொல்லுவாங்களாம். எலிசபெத்தோட தங்கச்சி கிட்டி பென்னட், டார்சியோட பெம்பர்லி மாளிகை பக்கத்துல ஒரு பாதிரியார கட்டிக்கிட்டா. இன்னொரு தங்கச்சி மேரிக்குக் கெடச்சது பிலிப்ஸ் மாமா ஆபீஸ்ல இருந்த ஒரு கிளார்க்தான், ஆனா மெரிட்டன் ஊருக்குள்ள தான் ஒரு பெரிய ஆள்னு நெனச்சு திருப்தியா இருந்தா. 'எம்மா' நாவல்ல எம்மாவோட அப்பா, மகள் கல்யாணத்துக்கு அப்புறமும் ரெண்டு வருஷம் போல இருந்தாரு, அதுவரைக்கும் அவளும் புருஷன் நைட்லியும் அவரோட டான்வெல் வீட்டுக்குப் போய் குடித்தனம் பண்ண முடியல. அதே நாவல்ல ஃபிராங்க் சர்ச்சில் எழுத்துக் கட்டைகள அடுக்கி ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் முன்னால வைப்பான், அவ படிக்காமலே கையால ஒதுக்கித் தள்ளிடுவா, அதுல என்ன வார்த்தை இருந்துச்சுன்னு நாவல்ல கிடையாது. 'மன்னிப்பு'ன்னு இருந்துச்சாம். இத அவங்க அச்சுல போடவே இல்ல, வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் சொன்னது!

இன்னொண்ணு சொல்றேன், இத எத்தன தடவ நெனச்சாலும் எனக்கு மனசு நெகிழ்ந்துடும். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813 ஜனவரி 28ஆம் தேதி வெளிவந்துச்சு. அதே வருஷம் மே மாசம் ஆஸ்டின் லண்டன் போயிருந்தாங்க, அண்ணன் ஹென்றி கூட ஒரு ஓவியக் கண்காட்சிக்குப் போறாங்க. அங்க ஒரு சின்ன படம், வெள்ளை கவுன்ல பச்சை அலங்காரம் வச்ச ஒரு பொண்ணு. அக்கா கசாண்ட்ராவுக்கு லெட்டர் போடுறாங்க, மிஸஸ் பிங்லிய (எலிசபெத்தோட அக்கா ஜேன்தான்) பாத்துட்டேன், அப்படியே அவளேதான், அவளுக்குப் பச்சை பிடிக்கும்னு எனக்கு எப்பவுமே தோணும், இப்போ உறுதியாயிடுச்சு, மிஸஸ் டார்சி, அதாவது எலிசபெத், மஞ்சள்ல இருப்பான்னு நெனைக்கறேன்னு. எலிசபெத் படம் எங்கயாவது மாட்டியிருக்கான்னு அடுத்த கண்காட்சியிலயும் தேடுறாங்க, காணோம். அதுக்கும் அவங்களே ஒரு காரணம் சொல்லிக்கறாங்க, டார்சிக்கு அவ படத்த ஊரு பாக்க வைக்க மனசு வந்திருக்காதுன்னு. பாருங்க தம்பி, நாவல் முடிஞ்சு அச்சாகி வித்துக்கிட்டு இருக்கு, எழுதுனவங்க மட்டும் அந்தப் பொண்ணு கல்யாணமாகி எப்படி இருக்காளோன்னு கூட்டத்துக்குள்ள தேடிக்கிட்டு திரியறாங்க. நம்ம கல்கியும் 'பொன்னியின் செல்வன்' முடிவுரையில, வாசகர்கள் கேட்டாங்கன்னு குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் மத்தவங்களுக்கும் அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லியிருப்பாரு இல்லையா, அப்புறம் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'ன்னு அதத் தொடர்ந்து ஒரு நாவலே எழுதுனாரு. கேக்குறது தப்பில்ல, பதில் சொல்றதும் தப்பில்ல. எந்த மனசோட சொல்றோம்ங்கறதத்தான் பாக்கணும்.

வாசகர், திருச்சி: பாத்ததுல எது நல்ல தொடர்ச்சி, எது மோசம்? ரெண்டு பேர் மட்டும் சொல்லுங்க.

நல்லது, 'டெத் கம்ஸ் டு பெம்பர்லி'. துப்பறியும் நாவல் எழுதுன பி.டி. ஜேம்ஸ் தன்னோட 91ஆவது வயசுல, 2011ல வெளியிட்டது, 2013 கிறிஸ்துமஸ் சமயம் பிபிசி மூணு பாகமா எடுத்துச்சு. கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு ஒரு புயல் ராத்திரியில பெம்பர்லி காட்டுல டென்னி செத்துக் கெடக்கான், பழி அவன் சிநேகிதன் விக்ஹாம் மேல, எலிசபெத்தோட தங்கச்சி புருஷன். எனக்கு அதுல பிடிச்சது, கொலை யாரு பண்ணாங்கங்கறத விட டார்சி முகம்தான். பழைய கர்வம் திரும்பத் தலை தூக்குது, இவள கட்டுனதாலதானே இந்தக் குடும்பமே நம்ம வாசப்படிக்கு வந்துச்சுன்னு அவன் நெனைக்கறானோன்னு எலிசபெத்துக்கு ஒரு பயம். முதல் நாவல்ல அவன் காதலச் சொன்னப்போ அவ குடும்பத்த எறக்கிப் பேசுனான்ல, அந்தப் பேச்சு கல்யாணத்தோட மறைஞ்சா போயிடும்? ஜேம்ஸ் அந்த எடத்தச் சரியாப் பிடிச்சிருக்காங்க. இத்தனைக்கும் புத்தக முன்னுரையில ஆஸ்டின்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கறாங்க.

எனக்கு ஒட்டாம போனது 'ஸ்கார்லெட்'. 'கான் வித் த விண்ட்' எழுதுன மார்கரெட் மிட்செல் தொடர்ச்சி எழுதமாட்டேன்னு கடைசி வரைக்கும் உறுதியா இருந்தாங்க, 1949ல கார் மோதி இறந்துட்டாங்க. வாரிசுகள் சம்மதத்தோட அலெக்சாண்ட்ரா ரிப்ளி 1991ல நாவலா எழுதி, 1994ல டிவி தொடராவும் வந்துச்சு. கதாநாயகி ஸ்கார்லெட்ட விட்டுட்டு புருஷன் ரெட் பட்லர் கதவத் திறந்துட்டுப் போற அந்த முடிவு திறந்தே இருந்ததாலதான் இத்தனை வருஷம் ஜனங்க பேசிக்கிட்டே இருந்தாங்க, இவங்க அவள அயர்லாந்து வரைக்கும் கூட்டிட்டுப் போய் சேத்து வச்சும் எனக்கு ஒரு நிறைவும் வரல. மூலக் கதையில அவள அவளா வச்சிருந்த ஜார்ஜியா மண்ணும் உள்நாட்டுப் போரும் இங்க இல்ல, அந்த மண்ண விட்டுப் போனா அவ வேற யாரோ.

வாசகி, திருப்பூர்: அக்கா, பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். ஒரு காதல் நாவல் 14 அத்தியாயம் எழுதிட்டேன், ஒரு ஆப்ல போட்டுட்டு வந்தேன். 40 பேர் படிச்சாங்க, அதுல ரெண்டு பேர் போரடிக்குதுன்னு போட்டாங்க. ஏழு மாசமா ஒரு வரி எழுதல. வீட்டுல 'இதெல்லாம் எதுக்கு'ன்னு கேக்குறாங்க. நானும் இப்போ அதையேதான் கேட்டுக்கறேன்.

தங்கச்சி, உன் கடிதத்த மூணு தடவ படிச்சேன். எனக்கும் இது நடந்திருக்கு, அதனால அதையே முதல்ல சொல்றேன். என் முதல் நாவல ஒரு பதிப்பகத்துல குடுத்தேன், ரெண்டு வருஷம் ஒரு பதிலும் இல்ல. நேர்ல போய் நின்னப்போ பரண் மேல இருந்து எடுத்துக் குடுத்தாங்க, கட்டுன ரப்பர் பேண்ட் வெயில்ல உருகி முதல் பக்கத்தோட ஒட்டிப் போயிருந்துச்சு, பிரிச்சா பேப்பர் கிழிஞ்சு வருது, அந்தப் பக்கத்துக்கு மேல யாரும் பிரிக்கவே இல்லன்னு பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. பஸ்ல அத மடியில வச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். அப்புறம் ஒரு வருஷம் எதுவும் எழுதல. உன் ஏழு மாசம் எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்.

அந்த ஒரு வருஷத்துலதான் ஆஸ்டினோட வாழ்க்கைய உக்காந்து ஒழுங்காப் படிச்சேன். 21 வயசுல அவங்க ஒரு நாவல் முடிக்கறாங்க, பேரு 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்'. 1797 நவம்பர்ல அவங்க அப்பா லண்டன்ல கேடல்ங்கற பதிப்பாளருக்கு, இப்படி ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கு, பாக்குறீங்களான்னு லெட்டர் போடுறாரு. பிரதிய வாங்கிக்கூடப் பாக்கல, அடுத்த தபால்லயே வேணாம்னு பதில் வந்துடுச்சு. 1803ல இன்னொரு நாவல க்ராஸ்பின்னு ஒரு கம்பெனி 10 பவுண்டு குடுத்து வாங்குச்சு, வாங்கிட்டு அச்சே போடல. ஆறு வருஷம் கழிச்சுக் கேட்டா, அதே 10 பவுண்டக் குடுத்துட்டு எடுத்துக்கோங்கன்னாங்க, இவங்க கையில அது இல்ல. 1816லதான் திரும்ப வாங்க முடிஞ்சுச்சு, 'நார்த்தேங்கர் அபே'ன்னு அது வெளிவந்தப்போ அவங்க உயிரோட இல்ல. நடுவுல பாத் நகரத்துல இருந்த வருஷங்கள்ல ஒரு நாவல ஆரம்பிச்சு பாதியில விட்டாங்க, அப்பா இறந்தாரு, வீடு மாறி மாறி இருந்தாங்க. உன் ஏழு மாசம் மாதிரி அவங்களுக்கு எத்தன ஏழு மாசம் போயிருக்கும்னு கணக்குப் போட்டுப் பாரு. கடைசியில அந்தப் பழைய 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்'தான் வெட்டித் திருத்தி 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆச்சு. எழுதி முடிச்சதுக்கும் அச்சானதுக்கும் நடுவுல 15 வருஷத்துக்கு மேல. மொத்த உரிமையையும் 110 பவுண்டுக்கு வித்தாங்க, கேட்டது 150.

1809ல சாட்டன்ங்கற ஊர்ல ஒரு வீடு அமைஞ்சதும்தான் திரும்ப முழுசா எழுதுறாங்க. காலையில ஒன்பது மணி டிபன் அவங்க வேலை, டீயும் சர்க்கரையும் அவங்க பொறுப்பு, மத்த வீட்டு வேலைய பெரும்பாலும் அக்கா கசாண்ட்ராவும் கூட இருந்த மார்த்தாவும் பாத்துக்கிட்டாங்க. இந்த ஒரு விஷயத்த உங்க வீட்டுல வாசிச்சுக் காட்டு தங்கச்சி, நான் சொன்னேன்னே சொல்லு. ஜன்னலோரம் பன்னெண்டு மூலை வச்ச ஒரு குட்டி மேஜை, இன்னிக்கும் அந்த வீட்டுல இருக்கு, படத்துல பாத்தா நம்ம வீட்டு முக்காலி சைஸுதான், ஒரு நோட்டும் ஒரு மைக்கூடும் வச்சா அவ்ளோதான்.

அந்த ரெண்டு கமெண்ட் விஷயத்துக்கு வர்றேன். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' வந்தப்போ ஆஸ்டின் என்ன பண்ணாங்கன்னா, சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தர் சொன்ன கருத்தையும் தன் கையாலேயே ஒரு பட்டியலா எழுதி வச்சாங்க. நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. அதுல ஒரு வரி, அம்மாவுக்கு 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' அளவுக்குப் பிடிக்கல, கதாநாயகி ஃபேனி சப்புன்னு இருக்கான்னு நெனைக்கறாங்கன்னு. பெத்த அம்மா! அத அழிக்காம எழுதி வச்சுட்டு அடுத்த நாவலுக்குப் போயிட்டாங்க, அதுக்கும் இதே மாதிரி ஒரு பட்டியல் போட்டாங்க. நீயும் ஒரு நோட்டுல அந்த ரெண்டு கமெண்ட்டையும் எழுதி வை, திட்டிக்கிட்டே எழுதுனாலும் பரவால்ல. எழுதி வச்சுட்டா போன எடுக்கற நேரமெல்லாம் அது கண்ணு முன்னால வராது, என் அனுபவத்துல சொல்றேன்.

ஆனா உன்ன திரும்ப எழுத வைக்கப் போறது இந்தக் கதையெல்லாம் இல்லன்னு நெனைக்கறேன். எனக்கு அந்த ஒரு வருஷம் எப்படி முடிஞ்சுதுன்னா, ஒரு நாள் சாயங்காலம் காய்கறிக் கடையில நின்னுட்டு இருந்தேன், என் கதையில வர்ற அந்தப் பொண்ணு இருந்தா முருங்கைக்காய உடைச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குவான்னு சட்டுன்னு தோணுச்சு. யாரு கேட்டா? யாருமே கேக்கல. ஆனா வீட்டுக்கு வந்து எழுதி வச்சேன், ஒரு அரைப் பக்கம், அடுத்த நாள் அவ அந்த முருங்கைக்காயோட யார் வீட்டுக்குப் போறான்னு எழுதுனேன். ஆஸ்டின் மிஸஸ் டார்சியோட மஞ்சளத் தேடிக்கிட்டு கண்காட்சியில நின்னதப் படிச்சப்போ எனக்கு இந்த முருங்கைக்காய்தான் ஞாபகம் வந்துச்சு. உன் 14 அத்தியாயத்துல இருக்கற அந்த ரெண்டு பேரும் ஏழு மாசமா ஒரே எடத்துல நின்னுட்டு இருக்காங்க. பதினஞ்சாவது அத்தியாயம் எழுதணும்னு உக்காராத. அவங்களுக்குக் கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆச்சுன்னு வச்சுக்கோ, தீபாவளிக்கு ஜவுளிக் கடைக்குப் போறாங்க, அவ எந்தக் கலர் சேலைய கையில எடுத்து பாத்துட்டு விலையப் பாத்து திரும்ப வைக்கறா, அவன் அதக் கவனிச்சானா இல்லையா, அத மட்டும் எழுது. நாவல்ல சேத்துக்கணும்னு இல்ல, ஆப்லயும் போடாத. ஆபீஸ்ல லஞ்ச் முடிஞ்சு பத்து நிமிஷம் கெடைக்கும்ல, அது போதும். கவனிச்சான்னு எழுதுறியா, கவனிக்கலன்னு எழுதுறியாங்கறதுலயே உனக்கு பதினஞ்சாவது அத்தியாயம் எங்க போகணும்னு தெரிஞ்சுடும்.

ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்: வயது 63. படிக்கிற காலத்திலிருந்து எனக்குப் பிடித்த ஒரு பழைய நாவலில் எல்லாரும் வெறுக்கிற ஒரு பெண் வருவாள். அவள் பக்கத்துக் கதையை எழுத வேண்டும் என்று நாற்பது வருடமாக ஆசை. இனிமேல் முடியுமா, முறையா?

டீச்சர், உங்களுக்கு எழுத்தாளர் ஜீன் ரீஸ் பத்தி சொல்லணும். மேற்கிந்தியத் தீவுகள்ல ஒண்ணான டொமினிக்காவுல 1890ல பிறந்தவங்க, 16 வயசுல இங்கிலாந்து வந்தாங்க. 'ஜேன் ஐர்' நாவல்ல மாடியில அடைச்சு வச்சிருக்கற பைத்தியக்கார மனைவி ஒருத்தி வருவாளே, பெர்த்தா, அவளும் அந்தத் தீவுகள் பக்கத்துல இருந்து வந்தவதான். 1847ல வந்த அந்த நாவல்ல அவளுக்கு ஒரு வார்த்தை பேச்சுகூட கிடையாது, சிரிப்பும் உறுமலும்தான். அவ ஏன் அப்படி ஆனா, அந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னால அவளுக்கு ஒரு பேரு, ஒரு தோட்டம், ஒரு அம்மா இருந்திருக்கும்லங்கற கேள்வி ரீஸ் மனச விட்டுப் போகவே இல்ல. 1939ல ஒரு நாவல் வந்ததுக்கு அப்புறம் அவங்க ஆளே காணாமப் போயிட்டாங்க, இறந்துட்டாங்கன்னே பலர் நெனச்சாங்க. ஒரு நடிகை பத்திரிகையில விளம்பரம் போட்டுத்தான் தேடிக் கண்டுபிடிச்சாங்க. கணவருக்கும் உடம்பு சரியில்ல, பணமும் இல்ல, டெவன்ல ஒரு சின்ன கிராமத்து வீட்டுல உக்காந்து எழுதி, அடிச்சு, திரும்ப எழுதி, 1966ல 'வைட் சர்காசோ சீ' வந்துச்சு. அப்போ அவங்களுக்கு வயசு 76. முன்னாடி நடந்த கதைங்கறதால சீக்வல்னு சொல்ல முடியாது, ஆனா அதப் படிச்சுட்டு 'ஜேன் ஐர்' திரும்பப் படிச்சா மாடியில கேக்குற அந்தச் சிரிப்பு நமக்கு வேற மாதிரி கேக்கும். 1993ல சினிமாவாவும் 2006ல பிபிசியிலயும் வந்துச்சு, நீங்க புத்தகத்த முதல்ல படிங்க.

நீங்க 13 வருஷம் சின்னவங்க டீச்சர். முறையான்னு கேட்டீங்க, நாற்பது வருஷமா ஒரு பொண்ணு உங்க மனசுல உக்காந்திருக்கான்னா அவள வெளிய விடுறதுதான் முறை. நாவல் எதுன்னு நீங்க எழுதல, காப்புரிமை இன்னும் இருக்கற புத்தகமான்னு மட்டும் பாத்துக்கோங்க, நம்ம நாட்டுல எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைக்கும் அது இருக்கும், அதுக்குள்ளன்னா வாரிசுகள்கிட்ட கேட்டுடணும். அது வெளியிடறப்போ வர்ற வேலைதான், எழுதறதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. முதல் காட்சிய கையெழுத்துலயே எனக்கு அனுப்பி வைங்க, அவ பேரு என்னன்னு தெரிஞ்சுக்க எனக்கு ஆசையா இருக்கு.